கோலும் கோணமும்: கடாரத்து நிலம் முதல் செப்புத் தகடு வரை

கெடா மாநிலத்தின் கூலிம் வட்டாரம் ரப்பருக்கும் செம்பனைக்கும் பேர்போனது. அங்கே 1996-ஆம் ஆண்டில் உயர் தொழில்நுட்பப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. மலேசியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. ஆஸ்திரிய நாட்டு நிறுவனமான ஏ.டி. அண்டு எஸ். அங்கே நிறுவிய ஆலை 2024-இல் திறப்புவிழாக் கண்டது; மின்னணுச் சில்லுகளைத் தாங்கும் நுண்ணிய அடிப்பலகைகளைச் செய்வது அதன் தொழில். தோட்டத்து நிலத்தை அளந்த கணக்கும், மின்சுற்றுப் பலகையை வரையும் கணினியின் கணக்கும் ஒரே வித்து தந்த இரு முளைகள் என்றால் வியப்பாகத் தோன்றலாம். உண்மை அதுவே. இரண்டுக்கும் பொருள் பல்கோணம். எல்லை எங்கே, உள்ளே அடங்குவது எவ்வளவு என்பதே இரண்டிலும் எழும் வினா.

தமிழர்க்கு இவ்வினா புதிதன்று. கெடாவைக் கடாரம் என்று வழங்கிய காலத்தில், 1025-ஆம் ஆண்டில், முதலாம் இராசேந்திர சோழன் அதன்மீது கடற்படை செலுத்தினான். அவன் தந்தை இராசராசன் காலத்தில் சோழநாட்டு நிலங்கள் கோல்கொண்டு அளக்கப்பட்டன. முதற்குலோத்துங்கன் காலத்தில், 1086-ஆம் ஆண்டளவில், மீண்டும் அளவை நடந்தது. இறை நிலத்தின் பரப்பைப் பொறுத்தது. எனவே அளவையில் நேரும் பிழை, உழுபவன் களத்து நெல்லில் போய் முடியும்.

அப்பிழை எவ்வாறு நேரும்? நான்கு பக்கமுள்ள வயலுக்கு எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கிப் பரப்புச் சொல்வது பல நாடுகளிலும் வழங்கிய பழைய முறை. 628-இல் நூல் செய்த பிரமகுப்தர், அது தோராயமே என்று தெளிவுபடுத்தி, வட்டத்துள் பொருந்தும் நாற்கரத்துக்கு நுட்பமான விதியும் தந்தார். கீழ்ப்பக்கம் 6 கோல், மேற்பக்கம் 4 கோல், இரண்டுக்கும் செங்குத்தான இடப்பக்கம் 3 கோல் என ஒரு வயலைக் கொள்க. வலப்பக்கம் சாய்ந்து ஏறக்குறைய 3.6 கோல் வரும். தோராய முறை 16.5 சதுரக்கோல் என்னும். மெய்யான பரப்பு 15. பத்தில் ஒரு பங்கு இல்லாத நிலத்துக்கு இறை கட்டவேண்டியதாகும்!

இக்குறையை நீக்கும் வழி மூலைகளில் இருக்கிறது. ஒவ்வொரு மூலையும் கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று குறித்து, வரிசையாக எழுதி, அடுத்தடுத்த இணைகளைக் குறுக்கே பெருக்கிக் கழித்து, யாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்புக் கிடைக்கும். மேற்சொன்ன வயலுக்கு 18-உம் 12-உம் சேர்ந்து 30 வரும், பாதி 15. செருமானியக் கணக்கறிஞர் மைசுட்டர் 1769-இல் இதை விளக்கினார். பக்கங்கள் எத்தனையானாலும், உட்குழிந்த வடிவானாலும், பக்கங்கள் ஒன்றையொன்று வெட்டாதவரை விதி ஒன்றே. இடஞ்சுழியாகச் சென்றால் விடை மிகை. வலஞ்சுழியாகச் சென்றால் குறை.

1909-க்குப் பின் கெடா ஆங்கிலேயர் மேலாண்மைக்கு உட்பட்டது. அக்காலத்தில் பெருகிய ரப்பர்த் தோட்டங்கள் ஏக்கர்க் கணக்கில் அளக்கப்பட்டன. ஆங்கிலேயர் கையாண்ட அளவைச் சங்கிலி 66 அடி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். எல்லைக்கற்களிடையே தொலைவும் கோணமும் கண்டு, மூலைகளின் இடங்களைக் கணித்துப் பரப்புக் காண்பது அளவையாளர் முறை.

மின்சுற்றுப் பலகையிலும் இக்கதையே தொடர்கிறது. பலகையின் வெற்றிடங்களில் செம்பைப் பரப்புவர். அச்செம்பு மற்றக் கம்பித் தடங்களைத் தொடலாகாது. எனவே கணினி ஒவ்வொரு தடத்தையும் சுற்றிலும் சிறிது பருக்கச்செய்து, பருத்த வடிவைச் செம்புப் பரப்பிலிருந்து வெட்டி நீக்குகிறது. வெட்டியபின் துளைகளும், எதனோடும் சேராத தீவுகளும் தோன்றும். துளைக்கும் புறவெல்லைக்கும் சுழியை எதிரெதிராக வைத்துக்கொண்டால், மிகையும் குறையும் தாமே கழிந்து உண்மைப் பரப்புத் தங்கும்.

எத்தகைய பல்கோணத்தையும், தன்னைத்தானே வெட்டுவதையும்கூட, இவ்வாறு கையாளும் முறையொன்றைப் பாலா வட்டி என்பார் 1992-இல் வெளியிட்டார். அதை அடியொற்றி ஆங்கசு சான்சன் எழுதிய ‘கிளிப்பர்’ என்னும் நிரல்தொகுதியை ‘கைக்காட்’ என்னும் இலவசப் பலகை வரைவுமென்பொருள் பயன்படுத்துகிறது. கைக்காட் மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கி, இடங்களை முழு எண்களாகவே வைக்கிறது. பின்னங்களை வெட்டிச் சுருக்கும்போது மூலைகள் மயிரிழை பிறழும். அப்பிறழ்ச்சியால் வெட்டுக்கோடு மாறிவிழலாம். தொடக்கூடாத இரு செம்புகள் தொட்டுவிட்டால் பலகை பாழ். அன்று பிழை நெல்லைத் தின்றது. இன்று பலகையைத் தின்னும்.

சதுரம், செவ்வகம், முக்கோணம் ஆகியவற்றின் வாய்பாட்டோடு பரப்பளவுப் பாடம் முடிந்துவிட்டதாக மாணவர் கருதுவது இயல்பு. பள்ளித் திடலிலேயே ஐந்தாறு முளை அடித்து, மூலைகளைக் குறித்து, குறுக்கே பெருக்கிப் பார்க்கச் செய்தால் அவ்வெண்ணம் அகலும். மூலை, எல்லை, துளை, தீவு என இக்கணக்குக்கு வேண்டிய சொற்கள் யாவும் மாணவர் வீட்டில் வழங்குபவையே. சுங்கைப்பட்டாணியிலும் பாடாங் செராயிலும் தமிழில் கணக்குப் பயிலும் பிள்ளை, கூலிம் ஆலையின் கணக்குத் தனக்கு அயலானது என்று ஒதுங்க வேண்டுவதில்லை.