கருமருந்துக் குடுவை

கருமருந்துக் குடுவை என்பது, குழலின் வாய்வழியே மருந்து இட்டுச் சுடும் துப்பாக்கிகளுக்கான வெடிமருந்தை ஈரமும் தீப்பொறியும் அண்டாமல் எடுத்துச் செல்லவும், ஒரு வெடிக்கு வேண்டிய அளவை மட்டும் பிரித்து ஊற்றவும் பயன்பட்ட கையடக்கமான கலம். மாட்டுக்கொம்பு, மரம், தோல், மான்கொம்பு, தந்தம், செம்பு, பித்தளை என்று பல பொருள்களில் இது செய்யப்பட்டது. தோட்டா பரவிய பிறகு அன்றாடப் பயனை இழந்து, இப்போது சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் இருக்கிறது. பழையதற்கும் பழையதுபோல் செய்ததற்கும் விலையில் பெரிய வேறுபாடு இருப்பதால், இரண்டையும் பிரித்தறிவது தனி அறிவாகவே வளர்ந்துள்ளது.

புதிதாகப் பார்ப்பவர் கண் முதலில் செல்வது குடுவையின் உடலில் புடைத்து நிற்கும் சித்திரத்தின் மேல். ஆனால் படியெடுக்க மிக எளிதானதும் அதுதான். குடுவையின் வயதைத் தலைப்பகுதியும், இரு பாதிகள் சேரும் பொருத்தும், உட்புறமும்தான் சொல்கின்றன.

தோற்றம்

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றையும் ஏறத்தாழ 75:15:10 என்ற விகிதத்தில் சேர்த்தால் கருமருந்து. ஈரம் பட்டால் கெடும். பொறி பட்டால் வெடிக்கும். அதைச் சுமக்க மாட்டுக்கொம்பைவிட வசதியான கலம் தொடக்கக் காலத்தில் இல்லை. கொம்பு உள்ளே பொள்ளலாக இருக்கும், தண்ணீர் புகாது, பொறி எழுப்பாது. அகன்ற பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியில் துளையிட்டுத் தக்கை செருகினால் போதும்.

16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் திரித் துப்பாக்கி வீரர்கள் முக்கோண வடிவ மரக்குடுவைகளை இடுப்பில் தொங்கவிட்டார்கள். ஜெர்மானிய நாடுகளில் கவைபட்ட மான்கொம்பைக் குடைந்து, வெளிப்புறத்தில் வேட்டைக் காட்சிகளையும் விவிலியக் காட்சிகளையும் செதுக்கினார்கள். அக்காலத்தில் ஒருவருக்கு இரண்டு கலங்கள் தேவைப்பட்டன. குழலுக்குள் போடும் பருமருந்துக்குப் பெரியது ஒன்று. தீப்பற்றும் கிண்ணியில் இடும் நுண்மருந்துக்குச் சிறியது ஒன்று. முகலாய இந்தியாவில் 'பாரூத்தான்' எனப்பட்ட சிறு கலங்களில் மிக அழகானவை 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. தந்தத்தில் மான், சிங்கம், பறவை முதலிய உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதுபோல் செதுக்கிய அவை இன்று உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. வேலைப்பாட்டை மட்டும் கொண்டு தீர்ப்பு சொல்வதானால், ஐரோப்பாவின் எந்த மான்கொம்புக் குடுவையும் இவற்றுக்கு ஈடாகாது.

அமெரிக்கக் குடியேற்றங்களில் வேறொரு மரபு உருவானது. பிரெஞ்சு-இந்தியப் போரிலும் (1754–1763) அடுத்து வந்த விடுதலைப் போரிலும் சண்டையிட்டவர்கள் தம் மருந்துக்கொம்புகளில் பெயர், ஆண்டு, கோட்டைகள், ஆறுகள், வழித்தடங்கள் ஆகியவற்றைக் கீறி வைத்தார்கள். அச்சிட்ட வரைபடம் அரிதாக இருந்த காலத்தில், சில கொம்புகள் வரைபடமாகவே பயன்பட்டிருக்கலாம். இவற்றைப் பற்றி ஸ்டீபன் கிரான்சே எழுதிய நூலை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1945இல் வெளியிட்டது.

உலோகக் குடுவையின் காலம்

அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், தட்டினாலே தீப்பிடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு துப்பாக்கியை வெடிக்கச் செய்யும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழியில் வந்த சிறு செம்புத் தொப்பி, கிண்ணியையும் அதற்கான நுண்மருந்தையும் தேவையற்றதாக்கியது. இரண்டு கலங்களில் சிறியது மறைய, எஞ்சிய பெரிய கலத்தை ஆலைகள் தம் கையில் எடுத்துக்கொண்டன.

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம் இதன் தலைமையிடமாக ஆனது. 1806இல் தொடங்கிய ஜேம்ஸ் டிக்ஸன் நிறுவனமும், ஹாக்ஸ்லி, பார்ட்ரம் போன்றவர்களும் செம்பு, பித்தளைத் தகடுகளை எஃகு அச்சில் வைத்து அடித்து, இரு பாதிகளாக எடுத்து, ஈயப் பற்று வைத்துச் சேர்த்தார்கள். வேட்டைநாய், தொங்கும் பறவைகள், சிப்பி, ஓக் இலை, கூடைப்பின்னல் என வடிவங்கள் பெருகின. செம்பும் பித்தளையும் துருப்பிடிப்பதில்லை, உரசினாலும் பொறி எழுப்புவதில்லை. மருந்துக்கு அதைவிடத் தக்க உலோகம் கிடையாது. பாரிஸில் போஷ் என்பவரின் பட்டறையும் பெயர்பெற்றிருந்தது.

அலங்காரத்தைவிடத் தலைப்பகுதியில்தான் தொழிலறிவு குவிந்திருந்தது. மூக்குக் குழலை விரலால் மூடி, குடுவையைக் கவிழ்த்து, விசையை அழுத்தினால் அடைப்பு விலகிக் குழலுக்குள் மருந்து இறங்கும். விசையை விட்டதும் வில் இழுத்து அடைப்பு மூடிக்கொள்ளும். நிமிர்த்தினால், குழலளவு மருந்து மட்டும் தனியே நிற்கும். வேட்டைத் துப்பாக்கிக் குடுவைகளில் குழலை நீட்டியும் குறுக்கியும் இரண்டேகால், இரண்டரை, இரண்டேமுக்கால் டிராம் என்று அளவை மாற்றலாம். ஒரு டிராம் ஏறத்தாழ 1.77 கிராம். முந்திய வெடியின் கனல் துப்பாக்கிக்குள் எஞ்சியிருந்தால், அந்த ஒரு வாய் மருந்து மட்டுமே பற்ற வேண்டும். கையிலிருக்கும் முழுக் குடுவையும் பற்றிவிடக்கூடாது. அடைப்பு அந்த நோக்கத்தில் அமைந்தது. ஆனாலும் அதை முழுக்க நம்ப முடியாது. அதனால்தான் கருமருந்துத் துப்பாக்கி சுடுவோர் இன்றும் குடுவையிலிருந்து நேராகக் குழலில் ஊற்றாமல், தனி அளவுக்கலத்தில் ஊற்றிப் பிறகே இடுகிறார்கள்.

அமெரிக்காவில் ராணுவத்துக்கென்றே குடுவைகள் செய்யப்பட்டன. ஏம்ஸ், பாட்டி ஆகிய ஒப்பந்தக்காரர்கள் செய்த, கைகுலுக்கும் இரு கைகளைப் பொறித்த செம்புக் குடுவை 'சமாதானக் குடுவை' என்று அழைக்கப்படுகிறது. அதன் தலையில் செய்தவர் பெயரும், ஆண்டும், சோதித்த அதிகாரியின் முதலெழுத்துகளும் இருக்கும். சாமுவேல் கோல்ட்டின் கைத்துப்பாக்கிகளுடன் கழுகு, நட்சத்திரம், சாய்த்து நிறுத்திய துப்பாக்கிகள் பொறித்த குடுவைகள் விற்பனையாயின. 1857க்குப் பிறகு உலோகத் தோட்டா கைத்துப்பாக்கிக்குள்ளும் வந்தது. ஒரு தலைமுறைக்குள் குடுவையின் தேவை சுருங்கியது.

நகல்கள்

1950களின் பிற்பகுதியிலிருந்து, குறிப்பாக அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவை ஒட்டி (1961–65), பழைய வகைத் துப்பாக்கிகளை இத்தாலியப் பட்டறைகள் மீண்டும் செய்யத் தொடங்கின. துணைப்பொருளாகக் குடுவையும் வந்தது. இவை ஏமாற்றுப் பொருள்கள் அல்ல. சுடுவதற்கென்று வெளிப்படையாக விற்கப்பட்டவை. கைமாறிக் கைமாறி, முத்திரை தேய்க்கப்பட்டு, அமிலத்தால் கருக்கப்பட்டு, 'தாத்தா காலத்துப் பொருள்' என்று மேசைக்கு வரும்போதுதான் ஏமாற்று தொடங்குகிறது.

அடிப்படை நூல் ரே ரைலிங் 1953இல் வெளியிட்ட குடுவை நூல். அதில் உள்ள எண்ணைக் கொண்டே விற்பனைப் பட்டியல்களில் வடிவங்கள் குறிக்கப்படுகின்றன. ஆனால் வடிவம் அந்நூலில் இருப்பதால் மட்டும் கையிலுள்ள குடுவை பழையதாகிவிடாது. நகல் செய்பவரும் அதே நூலைப் பார்க்கிறார்.

எஃகு அச்சில் அடித்த பழைய குடுவையில் நாயின் மயிரும் இறகின் நரம்பும் கூர்மையாக நிற்கும். தகடு மெலிதாகவும் எடை குறைவாகவும் இருக்கும். பழைய குடுவையிலிருந்து வார்ப்பு எடுத்த நகலில் கோடுகள் மழுங்கும், மேற்பரப்பில் மணல் தூவியதுபோல் நுண்குழிகள் தெரியும். உருகிய பித்தளை ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை பங்கு அளவு சுருங்குவதால், மூலத்தைவிட நகல் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். அசலின் அளவு தெரிந்தால், சாதாரண அளவுகோலே இதைக் காட்டிக்கொடுக்கும்.

பொருத்தில் பழைய ஈயப் பற்று மெல்லிய மங்கிய கோடாக ஓடும். புதியது பளபளத்துத் தடிக்கும். தலையைக் கழுத்தோடு பிணைக்கும் சிறு திருகாணிகளின் வெட்டு குறுகியதாக இருப்பது நல்ல அறிகுறி. சிலுவை வெட்டுத் திருகாணி 1930களுக்கு முந்தியதாக இருக்க முடியாது. நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அதுவும் துணை செய்யும். இறக்குமதிப் பொருள்களில் உற்பத்தி நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் கட்டாயமாக்கியது. எனவே 'இங்கிலாந்து' என்ற சொல் உள்ள குடுவை பெரும்பாலும் அதற்குப் பிந்தையது.

தேய்மானத்தையும் கவனிக்க வேண்டும். கட்டைவிரல் படும் விசை, இடுப்பில் உரசும் முதுகுப்பக்கம், கயிறு இழுக்கும் வளையங்கள் ஆகிய இடங்கள் தேய்ந்து, பள்ளங்களில் கருமை தங்கியிருந்தால் அது உழைத்த குடுவை. மேடும் பள்ளமும் ஒரே நிறத்தில் கருத்திருந்தால் ரசாயனத்தில் முக்கியதாக இருக்கலாம்.

தந்தக் கலங்களிலும் இதே தொல்லை. ராஜஸ்தானில் ஒட்டக எலும்பில் செய்த அலங்காரக் கலங்கள் முகலாயப் பொருளாக விலைபோவதுண்டு. எலும்பில் உருப்பெருக்கியின் கீழ் சிறு கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். மருந்துக்கொம்பிலோ, கொம்பு பழையதாக இருந்தும் செதுக்கல் புதியதாக இருக்கலாம். கீறல் பழைய பழுப்பை வெட்டிக்கொண்டு போகிறதா, பழுப்பு கீறலுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்பதே அங்கு சோதனை.

மதிப்பு

பரவலாகக் கிடைக்கும் ஷெஃபீல்ட் சிப்பி, கூடைப்பின்னல் குடுவைகள் எளிய விலையுடையவை. ஆண்டும் சோதனை முத்திரையும் உள்ள ராணுவக் குடுவைகள் அதற்கு மேல். கோல்ட்டின் ஆரம்பகால பேட்டர்சன் கைத்துப்பாக்கிக் குடுவைகள் ஆயிரக்கணக்கான டாலர்களுக்குப் போகின்றன. வில் உடைந்திருந்தால், மூக்குக்குழல் வேறொன்றிலிருந்து மாட்டப்பட்டிருந்தால், பொருத்து பிளந்திருந்தால் விலை இறங்கும். சிறு ஒடுக்கு விழுந்திருப்பது அவ்வளவு கெடுதல் இல்லை. தொழிற்சாலையில் பூசிய அரக்குப்பூச்சு எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதற்கே சேகரிப்பாளர் அதிகம் கொடுக்கிறார். அதனால், வாங்கியதும் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிய குடுவை ஒரே மாலையில் தன் மதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடும். அந்தப் பூச்சு திரும்ப வராது. பெட்டியுடன் வரும் துப்பாக்கித் தொகுதியில், வெல்வெட்டில் பதிந்த தடமும் குடுவையின் வடிவமும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது அவசியம். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய தொகுதிகள் ஏராளம்.

சட்டமும் விலையைத் தீர்மானிக்கிறது. பிரிட்டனின் தந்தச் சட்டம் 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தபின், அங்கே தந்தக் கலங்களைக் குறுகிய விலக்குகளுக்குள் மட்டுமே விற்க முடியும். இந்தியாவில் நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை.

உட்புறத்தைச் சோதிக்குமுன் ஒரு எச்சரிக்கை. உலர்ந்த கருமருந்து நூறாண்டு கழிந்தும் வெடிக்கும். பழைய குடுவையின் அடியில் கட்டிபட்டுக் கிடப்பது அதுவாகவே இருக்கலாம். பற்றவைக்கவோ சூடுகாட்டவோ கூடாது. இரும்புக் கம்பியால் கிளறவும் கூடாது. தண்ணீர் ஊற்றி ஊறவைத்தால் வெடியுப்பு கரைந்து வெளியேறும். எஞ்சும் கரியையும் கந்தகத்தையும் மரக்குச்சியால் மெல்லத் தளர்த்திக் கொட்டி, நிழலில் உலர்த்த வேண்டும்.