ஆஃப்ரா பென்: புகழும் பழியும்

லண்டன் மேடைக்கு நாடகம் எழுதியே பிழைத்த பெண் ஆஃப்ரா பென். 1666இல் ஆண்ட்வெர்ப் நகரில் இங்கிலாந்து அரசுக்காக உளவு பார்த்தவரும்கூட. 1677இல் அரங்கேறிய ‘தி ரோவர்’ அவருக்குப் பெரும் பெயர் தந்தது. அதில், கன்னிமடத்துக்கு அனுப்பப்படவிருக்கும் ஹெலெனா, நேப்பிள்ஸ் திருவிழாக் கூட்டத்தில் மாறுவேடமிட்டு, தனக்குப் பிடித்த ஆணைத் தானே தேடிப் போகிறாள். இரண்டாம் சார்லஸ் காலத்து ரசிகர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

பிறகு காற்று திசை மாறியது.

எழுத்தாளர் வால்டர் ஸ்காட் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். உறவினரான மூதாட்டி ஒருவர் பென்னின் கதைகளைக் கேட்க, ஸ்காட் பொட்டலம் கட்டி அனுப்பினார். முதல் கதையையே முடிக்காமல், நெருப்பில் போடச் சொல்லி மூதாட்டி திருப்பித் தந்துவிட்டார். அறுபது ஆண்டுகளுக்கு முன் லண்டனின் மதிப்பான வீடுகளில் பலர் நடுவே உரக்க வாசிக்கக் கேட்டு ரசித்த அதே புத்தகம், இப்போது தனியாக இருக்கும்போதுகூடக் கூசவைக்கிறதே என்று அவருக்கே வியப்பு! புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஊரின் ஒழுக்கக் கண்ணாடிதான்.

விக்டோரியா காலத்தில் பென்னின் பெயரே ஆகாத பெயர். அதே பாணியில் எழுதிய ஆண்களும் வசை வாங்கினார்கள். பெண் என்பதால் இவருக்கு அது இரட்டிப்பு. அநியாயம்.

1929இல் எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப், பெண்களுக்குப் பேசும் உரிமையைப் பெற்றுத் தந்தவர் என்று பென்னைப் போற்றினார். பெண்ணிய ஆய்வாளர்கள் தொடர்ந்து அவரை மீட்டெடுத்தார்கள். 1986இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு ‘தி ரோவர்’ நாடகத்தை மேடையேற்றியது. ஆங்கில நாடகம் படிப்பவர்கள் நாடகாசிரியர் காங்கிரீவோடு நிறுத்திவிடாமல் பென்னையும் எடுத்துப் படிக்க வேண்டும்.