கருப்பு மருதாணி வந்த கதை

கல்லிடையில் ஆடி பிறந்துட்டா எங்க தெருவில் அம்மிச் சத்தம் கேட்கும். புறவாசல் செடியில் இலையை உருவி, கொட்டைப்பாக்கும் துளி புளியும் சேர்த்து மைய அரைப்பாங்க. உள்ளங்கையில் பெரிய வட்டம், சுத்தி புள்ளி, விரல் நுனிக்குத் தொப்பி. டிசைன்னா அவ்வளவுதான். ராத்திரி பூரா கையை விரிச்சபடி தூங்கணும் (விடிஞ்சா பாதி தலையணையில் இருக்கும்!).

அந்த ராத்திரி பூரா காத்திருப்புக்குக் காரணம் உண்டு. இலையில் உள்ள லாசோன் என்ற சாயம், தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் புரதத்தோடு நிதானமாகத்தான் சேரும். கிடைப்பது ஆரஞ்சும் செம்பழுப்பும். தோலில் கரிக்கருப்பு வராது. தலைமுடிக்குக் கருப்பு வேணும்னா அவுரி இலையைச் சேர்க்கணும்.

அப்போ கடையில் அரை மணி நேரத்தில் கருப்பாக்கும் 'மருதாணி' எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் பாரா ஃபீனைலீன் டையமின், சுருக்கமா பிபிடி. தலைச்சாயத்துக்காக 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே புழக்கத்துக்கு வந்த சரக்கு. 1933-ல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச் சாயத்தில் இது இருந்து, ஒரு பெண்மணியின் பார்வையே போனது. அங்கே 1938-ல் வந்த அழகுசாதனச் சட்டத்துக்கு அந்தச் சம்பவமும் ஒரு காரணம். இன்றைக்கும் அங்கே இதைத் தலைமுடிக்கு அனுமதிக்கிறாங்க, தோலுக்கு இல்லை. 2006-ல் அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்ற பட்டத்தையே இதுக்குக் கொடுத்தது.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 2012 ஆகஸ்ட், ரம்ஜானுக்கு முந்தின ராத்திரி. கோன் மருதாணி போட்டவங்க செத்துட்டாங்கன்னு ஒரு வதந்தி. சென்னை உட்பட தமிழ்நாட்டின் பல ஊர்களில் பெண்களும் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. பெரும்பாலானோருக்குப் பயம்தான், சிலருக்கு அரிப்பு. மறுநாள் எல்லாரும் "சும்மா புரளி"ன்னு சிரிச்சிட்டு விட்டாச்சு.

எனக்கு உறுத்துவது அந்தச் சிரிப்புதான். பிபிடி ஒவ்வாமை அப்படி ராத்திரியோட ராத்திரியா வராது. முதல் தடவை போட்டா ஒண்ணுமே தெரியாமலும் போகலாம். உடம்பு மட்டும் அதை ஞாபகம் வைச்சுக்கும். அடுத்த தடவை ஒன்றிரண்டு நாள் கழிச்சு, போட்ட டிசைன் அப்படியே கொப்புளமாக எழும்பும். பண்டிகை முடிஞ்சு, கூட்டமும் கலைஞ்ச பிறகு. அதை யாரும் மருதாணியோடு முடிச்சுப் போடுறதில்லை. (போட்ட உடனே எரிஞ்சா, அது கோனில் கலக்கும் மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய்களோட வேலையா இருக்கலாம். அது வேற கணக்கு.)

இலை மருதாணி முழுச் சாதுன்னும் சொல்ல மாட்டேன். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ள கைக்குழந்தைகளுக்குத் தடவினா ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஆனா மத்தவங்களுக்கு இலையால் ஒவ்வாமை வருவது அபூர்வம்.

பிபிடி ஒரு தடவை ஒட்டிக்கிட்டா ஆயுசுக்கும் விடாது. கல்யாணத்தில் கருப்புக் கோன் போட்ட பத்து வயசுப் பொண்ணு, நாற்பதில் முதல் நரைக்குச் சாயம் பூசும்போது மறுநாள் முகம் வீங்கி, கண்ணைத் திறக்க முடியாம உட்காரலாம். சாயப் பெட்டியைத்தான் திட்டுவா. முப்பது வருஷத்துக்கு முந்தின கோன் யாருக்கு ஞாபகம் இருக்கும்?