ஐசோடைப் படமொழி

ஐசோடைப் என்பது புள்ளிவிவரங்களையும் சமூக உண்மைகளையும் எளிய படக்குறியீடுகளின் வழியே விளக்கும் முறையாகும். 1920களில் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் உருவான இம்முறை, தொடக்கத்தில் 'வியன்னாப் படப்புள்ளியியல் முறை' என்று அழைக்கப்பட்டது. மெய்யியலாளரும் பொருளியல் அறிஞருமான ஓட்டோ நொய்ராத் (1882–1945), மரி ரைடமைஸ்டர் (1898–1986), ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் (1900–1988) ஆகிய மூவரும் இதன் முதன்மைப் படைப்பாளிகள். இன்று விமான நிலையங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் காணப்படும் படக்குறியீடுகளின் முன்னோடிகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

பின்னணி

முதல் உலகப் போருக்குப் பின் வியன்னா நகரம் வீட்டுப் பற்றாக்குறையாலும் காசநோயாலும் வாடியது. 1919 முதல் 1934 வரை நகராட்சியை நடத்திய சமூக சனநாயகக் கட்சியினர், தொழிலாளர்களுக்காக 60,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டினர். வரிப்பணம் எப்படிச் செலவாகிறது, குழந்தை இறப்பு குறைகிறதா, வாடகை எவ்வளவு என்பவற்றை மக்களே அறிந்து முடிவு செய்ய வேண்டும் என்று நொய்ராத் கருதினார். ஆனால் எண்கள் நிறைந்த அட்டவணைகள், நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்களுக்குப் பயன்படவில்லை. இதற்காக நகராட்சியின் ஆதரவுடன் 1925இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தை அவர் நிறுவினார். 1927இல் நகர மன்றக் கட்டிடத்தின் மக்கள் மண்டபத்தில் அதன் நிலையான காட்சி திறக்கப்பட்டது. தொழிலாளர்கள் வேலை முடிந்து வந்து பார்க்கும் வகையில் காட்சி நேரங்கள் அமைந்தன.

அடிப்படை விதிகள்

இம்முறையின் முதல் விதி மிக எளியது. ஓர் அளவு கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது. அதே படத்தை அதிக எண்ணிக்கையில் வரைய வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நகரில் வீடுகள் 10,000இலிருந்து 20,000 ஆகக் கூடின என்று கொள்வோம். இதைக் காட்ட ஒரு வீட்டின் படத்தை இரு மடங்கு உயரமாக வரைந்தால், அகலமும் இரு மடங்காகி, அதன் பரப்பு நான்கு மடங்காகிவிடும். பார்ப்பவர் உண்மையைவிடப் பெரிய வளர்ச்சியை மனத்தில் பதித்துக்கொள்வார். மாறாக, ஒரு படம் 10,000 வீடுகளைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டு இரண்டு படங்களை அடுத்தடுத்து வைத்தால், எண்ணத் தெரிந்த எவரும் ஏமாற இடமில்லை.

தொலைநோக்குக் கோணம், நிழல், அலங்காரம் ஆகியவை விலக்கப்பட்டன. வண்ணங்கள் சிலவாகவே இருந்தன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு பொருள் உண்டு. சொற்கள் தேவைப்பட்ட இடத்தில், 1927இல் வெளிவந்த ஃபியூச்சுரா என்னும் அணியற்ற எழுத்துரு பயன்படுத்தப்பட்டது. துல்லியமான எண்களைப் படித்து மறப்பதைவிட, எளிமையாக்கப்பட்ட அளவுகளை நினைவில் வைத்திருப்பதே மேல் என்பது நொய்ராத்தின் நிலைப்பாடு.

உருமாற்றுநரின் பணி

புள்ளியியல் வல்லுநருக்கும் ஓவியருக்கும் இடையே நின்று பணியாற்றியவர் 'உருமாற்றுநர்' எனப்பட்டார். குவிந்து கிடக்கும் எண்களில் எது பொதுமக்களுக்குத் தேவை, எதை எதனோடு ஒப்பிட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று முடிவு செய்து, முதல் வரைவை அமைப்பது அவர் வேலை. இப்பணியைச் செய்தவர்களுள் முதன்மையானவர் மரி ரைடமைஸ்டர். படத்தின் எளிமை ஓவியரின் மேசைக்கு வருமுன்பே, இந்தத் தேர்வில் தொடங்கிவிட்டது.

ஆர்ன்ட்ஸின் குறியீடுகள்

ஜெர்மனியில் பிறந்த ஆர்ன்ட்ஸ், சமூக ஏற்றத்தாழ்வுகளை மரச்செதுக்கு ஓவியங்களாகப் படைத்து வந்தவர். 1920களின் இறுதியில் அவர் இக்குழுவில் இணைந்தார். தொடக்கத்தில் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டிச் செய்யப்பட்ட உருவங்கள், அவர் வந்தபின் லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடப்பட்டன. இதனால் ஒரே குறியீடு ஆயிரம் முறை அச்சானாலும் மாறாமல் இருந்தது. அவர் ஏறத்தாழ 4,000 குறியீடுகளை வடிவமைத்தார். வேலையற்றவரைக் குறிக்க, கைகளைச் சட்டைப்பையில் விட்டு நிற்கும் ஒரு மனிதரை வரைந்தார். முகத்தில் கண்ணில்லை, வாயில்லை. ஆயினும் வேலையின்றி நிற்பவரின் நிலை அந்தத் தோள்களில் தெரிந்தது. 1930இல் லைப்சிக் நகரில் வெளியான 'சமூகமும் பொருளாதாரமும்' என்னும் 100 வண்ணப் படத்தாள்கள் கொண்ட தொகுப்பு இக்குழுவின் சிறந்த ஆக்கமாகும்.

இடம்பெயர்வு

1934 பிப்ரவரியில் ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை மூண்டு, சமூக சனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. அப்போது மாஸ்கோவில் இருந்த நொய்ராத் வியன்னா திரும்பவில்லை. குழுவினர் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பணியைத் தொடர்ந்தனர். வியன்னாவின் பெயர் இனிப் பொருந்தாததால் 1935இல் 'ஐசோடைப்' என்னும் பெயர் சூட்டப்பட்டது. அதை உருவாக்கியவர் ரைடமைஸ்டர்.

1940 மே மாதம் ஜெர்மன் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது, நொய்ராத்தும் ரைடமைஸ்டரும் நெரிசல் மிகுந்த ஒரு மீட்புப் படகில் கடலில் இறங்கினர். பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று அவர்களை மீட்டது. எதிரி நாட்டவர் என்று தடுத்து வைக்கப்பட்டு, 1941இல் விடுவிக்கப்பட்ட இருவரும் அவ்வாண்டே மணந்துகொண்டனர். 1942இல் ஆக்ஸ்போர்டில் ஐசோடைப் நிறுவனத்தைத் தொடங்கினர். ஹேக்கில் தங்கிவிட்ட ஆர்ன்ட்ஸ் ஜெர்மன் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார்; போருக்குப் பின்னரே தம் பணிக்குத் திரும்பினார்.

குறைபாடுகள்

எளிமை தன்னளவில் உண்மைக்கு உறுதி தருவதில்லை. 1931இல் சோவியத் ஒன்றியம் இதே முறையைக் கையாள மாஸ்கோவில் ஒரு நிறுவனத்தை அமைத்தது. அங்கு ஐந்தாண்டுத் திட்டத்தின் இலக்குகளும் சாதனைகளுக்கு அருகிலேயே அணிவகுத்தன. கட்டப்பட்ட தொழிற்சாலைக்கும் கட்டப்படவிருந்த தொழிற்சாலைக்கும் ஒரே வகைப் படம்தான். மேலும், உலக மக்களைத் தலையணியாலும் நிறத்தாலும் பிரித்துக் காட்டிய சில குறியீடுகள், பலவகைப்பட்ட மக்களை ஒரே வார்ப்பில் அடக்கியதாகப் பிற்காலத்தில் விமர்சிக்கப்பட்டன. எதை எண்ணுவது, எதை விடுவது என்று முடிவு செய்பவரின் நேர்மையே படத்தின் நேர்மை என்பதை இவை காட்டுகின்றன.

தாக்கம்

1945இல் நொய்ராத் மறைந்தபின் மரி நொய்ராத் சிறுவர் அறிவியல் நூல்கள் பலவற்றை உருவாக்கினார். 1950களில் மேற்கு நைஜீரியாவில் நலவாழ்வு, கல்வி, தேர்தல் குறித்த விளக்க ஏடுகளுக்காகப் பணியாற்றியபோது, ஐரோப்பிய உருவங்களை அப்படியே பயன்படுத்தாமல் அப்பகுதியின் உடை, வீடு, வண்ணங்களுக்கு ஏற்பக் குறியீடுகளை மாற்றினார்.

1964 டோக்கியோ, 1972 மியூனிக் ஒலிம்பிக் போட்டிகளுக்கான விளையாட்டுக் குறியீடுகளும், 1974இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைக்காக உருவான 34 குறியீடுகளும் படத்தால் பேசும் இவ்வழியில் வந்தவையே. ஐசோடைப் ஆவணங்கள் 1971இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டு, அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன.