புக்கெட் பழைய நகர மாலை உணவு நடை

தென் தாய்லாந்தின் புக்கெட் நகரில், உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் கடை கடையாக நடந்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கும் சுற்றுலா இது. வெயில் தாழ்ந்ததும் தொடங்கி, பெரும்பாலும் மூன்று நான்கு மணி நேரம் நீளும். தலாங் சாலையும் அதை ஒட்டிய ரொமணி சந்தும் இதன் மையம். ஞாயிறு மாலைகளில் தலாங் சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெரு முழுவதையும் சந்தையாக்கிவிடுகிறார்கள். 2015இல் யுனெஸ்கோவின் உணவுக்கலை நகரங்கள் பட்டியலில் புக்கெட் இடம்பெற்றது.

இந்த ஊரின் சமையல் வெள்ளீயத்தோடு பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுரங்க வேலைக்கு வந்த ஹொக்கியென் சீனர்களில் பலர் பினாங்கு வழியாக வந்தவர்கள். உள்ளூர்ப் பெண்களை மணந்தவர்களின் வழித்தோன்றல்கள் பாபா எனப்படுகிறார்கள். தடித்த மஞ்சள் நூடுல்ஸை வறுத்துத் தரும் மீ ஹொக்கியெனும், சேப்பங்கிழங்குத் துண்டு, சிறு சிப்பி, முட்டை சேர்த்துக் கல்லில் புரட்டி, மேலே பொரித்த பன்றித்தோல் தூவித் தரும் ஓ-தாவும் அவர்கள் கைப்பக்குவம். சில அடி தள்ளி முஸ்லிம் கடையில் ரொட்டியும் குழம்பும். சீன, மலாய், தாய் அடுப்புகள் ஒரே தெருவில் எரிவதை நடந்தே பார்க்க முடிவதுதான் இந்த நடையின் பெரும் பேறு.

தமிழர் கட்டாயம் நின்று பார்க்க வேண்டியது ஆபோங். கரி அடுப்பில் வரிசையாகக் காயும் கையகலச் சட்டிகளில், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் கலந்த மாவை ஊற்றிச் சுழற்றி மூடுகிறார்கள். விளிம்பு சருகாக முறுகி, நடுவில் மெத்தென்று வெந்ததும் சூட்டோடு சுருட்டிக் கொடுப்பார்கள். மலாய் அப்பமும் நம் ஆப்பமும் இதன் பெயரிலேயே தெரிகின்றன. சட்டியைச் சுழற்றும் கையும் நமக்குப் பழகிய கைதான்.

தென் தாய்லாந்துச் சமையலின் உரம் மஞ்சளிலும், கபி எனும் இறால் விழுதிலும் இருக்கிறது. தேங்காய்ப்பால் சேராத, புளிப்பும் காரமும் மிகுந்த மீன் குழம்பான கேங் சோம் இங்கே அன்றாட உணவு. பாங்காக்கில் அதே பெயரில் வேறொரு குழம்பு இருப்பதால், தெற்கத்தியதை அங்கே கேங் லுவாங், அதாவது மஞ்சள் குழம்பு, என்கிறார்கள். புளித்த அரிசி மாவில் பிழிந்த கனோம் சீன் சேவை புக்கெட்காரர்களுக்குக் காலை உணவு. மாலையிலும் கிடைக்கும் இடங்கள் உண்டு. மீன் அரைத்துச் சேர்த்த நாம் யா குழம்பை அதன்மேல் ஊற்றுவார்கள். பக்கத்திலேயே வெள்ளரிக்காய், முந்திரிக் கொழுந்து, மலேசியத் தமிழர் பெத்தாய் என்று அறிந்த சதோ ஆகியவை தட்டு நிறைய இருக்கும். ஒரு வாய்க்கு ஒரு தழை கடித்தால்தான் காரம் தணியும். நல்ல வழிகாட்டி பண்டத்தின் பெயரைச் சொல்வதோடு நிற்காமல் இதையும் கற்றுத் தருவார்.

சைவ உணவுக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: காய்கறிக் குழம்பின் மசாலாவிலும் கபி இருக்கும். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் சைவத் திருவிழாவில் மட்டும் மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் தாராளமாகச் சாப்பிடலாம்.

கடைசியாகப் பெரும்பாலும் ஓ-ஏவ். ஓர் அத்தி வகையின் விதைகளை நீரில் பிசைந்து, வாழைப்பழச் சாறு சேர்த்து உறையவைத்த தெளிந்த ஜெல்லி இது. துருவிய ஐஸும் செந்நிறப் பாகும் சேர்த்துக் கிண்ணத்தில் வரும். நாக்கில் மிச்சமிருக்கும் எரிச்சலை ஆற்றிவிடும்.