ஊதிய உழைப்பும் சுயதொழிலும்: சப்ரகமுவவில் கல்வியின் இரு பாதைகள்

ஊதியம் பெறுவோர் சுயதொழில் புரிவோரினும் கூடிய கல்வித் தகைமை உடையவர் என்பது பொதுவான எண்ணமாகும். எழுதுவினைஞரையும் ஆசிரியரையும் மனத்திற்கொண்டு நோக்குமிடத்து இது பொருத்தமாகவே தோன்றும். ஆயின் சப்ரகமுவ மாகாணத்தின் வரலாறு வேறொன்றைக் காட்டுகின்றது. இங்கு தலைமுறை தலைமுறையாக ஊதியத்துக்கு உழைத்த தோட்டத் தொழிலாளரே கல்வியிற் பின்தங்கினர். அயற்கிராமங்களிற் சொந்த நிலத்தைப் பயிரிட்டோரின் பிள்ளைகள் அவர்களை முந்தினர். இதற்குக் காரணம் தொழிலின் இயல்பன்று. கல்வி வழங்கும் பொறுப்பு எவரிடம் விடப்பட்டது என்பதேயாகும்.

1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரையிடம் ஒப்படைத்தது. கொழுந்து பறிக்கவும் இறப்பர்ப் பால் வெட்டவும் எழுத்தறிவு வேண்டப்படவில்லை. பத்து வயதைக் கடந்த சிறுவனுக்கு 'அரைப்பேர்' வேலை காத்திருந்தது. ஆதலின் தோட்டப் பாடசாலைகளுட் பல, ஓராசிரியர் பாடசாலைகளாய் ஐந்தாம் வகுப்போடு நின்றன. கல்லாமையின் விலை சிறிதன்று. தன் கடன்தொகை குறிக்கப்பட்ட 'துண்டு' தோட்டம்விட்டுத் தோட்டம் கைமாறியபோது, அதனை வாசித்தறிய இயலாத தொழிலாளி கங்காணியின் சொல்லையே நம்பவேண்டியிருந்தது. துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது, கல்லாமையோ தொடர்ந்தது.

1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு மத்திய மகா வித்தியாலயங்களின் கதவுகள் திறந்தன. தோட்டப் பாடசாலைகளோ பெரும்பாலும் நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின்னர், 1977 முதற்கொண்டே அவை படிப்படியாக அரசாங்கப் பொறுப்பில் வந்தன.

கூலி உழைப்பை விடுத்துச் சுயதொழிலை நாடும் வழியும் அடைக்கப்பட்டிருந்தது. இதற்கு எம்பிலிப்பிட்டிய தக்க சான்றாகும். 1960களில் வளவை ஆறு மறிக்கப்பட்டு உடவளவைத் திட்டம் உருவாகியபோது, இரத்தினபுரி மாவட்டத்தின் இவ்வுலர் நிலப்பகுதியிற் குடியேற்றங்கள் எழுந்தன. பாடசாலைகளும் உடன்வந்தன. அதே மாவட்டத்தின் பெல்மதுளை, பலாங்கொடைத் தோட்டங்களில் வாழ்ந்தோருட் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்தனர். அரச காணி பெற்றுச் சொந்தமாகப் பயிரிடும் வாய்ப்பு அவர்களுக்கு எட்டாததாயிற்று.

எனினும், கல்வி பெற்ற விவசாயியின் மைந்தனும் நிறைவெய்தினான் எனக் கொள்ளலாகாது. கற்றபின் அவன் நாடியது அரசாங்க உத்தியோகத்தையே. அது கிட்டாத இளைஞரின் விரக்தி 1971 ஏப்ரற் கிளர்ச்சியில் வெடித்தது. கேகாலை மாவட்டம் அதன் முக்கிய களங்களுள் ஒன்றாக விளங்கியது. ஆகவே, ஒருபால் கல்வியில்லாத வேலையும், மறுபால் வேலையில்லாத கல்வியும் ஒரே மாகாணத்தில் அருகருகே நிலவின.

நாடற்றோர் சிக்கலுக்கு 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் தீர்வு கண்டன. ஆயினும் நிலமும் பள்ளியும் மறுக்கப்பட்ட காலத்தின் இழப்பு ஒரு சட்டத்தால் ஈடாவதன்று. ஊதியம் பெறுவோரையும் சுயதொழிலாளரையும் கல்வியளவில் ஒப்பிடும் ஆய்வாளர், யார் எவ்வளவு கற்றார் என்பதோடு அமையாது, யாருக்குக் கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.