எந்தக் கட்டத்தில் எழுதுவது?

உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கத் தன்விவரக் குறிப்பு தயாரித்துக்கொண்டிருந்தேன். கல்வித் தகுதி, ஆய்வுக் கட்டுரைகள், கருத்தரங்குகள் என்று கட்டங்கள். கருத்தரங்குக் கட்டத்தில் ஒரு வரியை எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். என் கட்டுரையை ஏற்றுக்கொண்டு, நிகழ்ச்சி நிரலில் பெயரையும் அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அந்த வாரம் நான் பிரசவ வார்டில் இருந்தேன். வாசிக்காததை வாசித்ததாகப் போடக் கூடாது, சரி. ஓராண்டு உழைப்பை எங்கே போடுவது?

அப்போது அன்னா மணியை நினைத்துக்கொண்டேன். 1918இல் பீருமேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆனர்ஸ் முடித்து, 1940இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு, சி.வி. ராமனின் ஆய்வகத்துக்குப் போனார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் நிறமாலைகளை ஆராய்ந்தார். ஒளிப்படத் தகட்டில் ஒரு பதிவு விழுவதற்கே 15, 20 மணி நேரம் ஆகும். இரவெல்லாம் ஆய்வகத்திலேயே இருந்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஐந்திலும் அவர் பெயர் மட்டும்தான். என் முதல் கட்டுரையில் என் நெறியாளரின் பெயருக்குப் பிறகு வரும் என் பெயரைப் பார்க்கும்போது, அந்த 'மட்டும்' எவ்வளவு பெரிது என்று புரிகிறது.

1945இல் முனைவர் பட்டத்துக்காக ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தார். எம்.எஸ்சி. இல்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது. வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிக்க இங்கிலாந்து போனார். 1948இல் திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சைப் பற்றி அவர் தொகுத்த தரவு நூல்கள் சூரிய ஆற்றல் பொறியாளர்களுக்கு அடிப்படையாயின. ஆனாலும் இன்றைய விண்ணப்பப் படிவத்தில் 'முனைவர் பட்டம்' என்ற கட்டம் காலியாக இருந்தால், முதல் சல்லடையிலேயே அவர் கழிந்துபோவார்.

நிரம்பிய கட்டமும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. தாவரவியலாளர் இ.கே. ஜானகி அம்மாள் 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த ஆய்வரங்கில் பங்கேற்றார். மனிதர்கள் பூமியின் முகத்தை எப்படி மாற்றினார்கள் என்பது பொருள். தன்விவரக் குறிப்பில் அது எல்லோருக்கும் போல ஒற்றை வரி. அழைக்கப்பட்டவர்களில் அவர் ஒருவரே பெண் என்பதை எழுத அங்கே இடமில்லை.

தன்விவரக் குறிப்பு நம் வரலாறு அல்ல. பிறர் போட்ட கட்டங்களில் நாம் நிரப்பும் பதில். ஆகவே பொய் சொல்லாமல், குறைத்தும் சொல்லாமல் எழுத வேண்டியிருக்கிறது. கூட்டுக் கட்டுரையில் நம் பங்கு என்ன என்று ஒரு வரி சேர்க்கலாம். ஏற்கப்பட்டது வேறு, வாசிக்கப்பட்டது வேறு என்று பிரித்துக் காட்டலாம்.

நான் இப்படி எழுதினேன்: 'கட்டுரை ஏற்கப்பட்டது. மகப்பேறு காரணமாக நேரில் வாசிக்கவில்லை.' "மகப்பேறுன்னு எதுக்குடி போடுற? நேர்காணல்ல அதையேதான் கேப்பாங்க" என்றாள் தோழி. கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டால் அந்தக் கட்டுரையைப் பற்றியும் சொல்லலாம் அல்லவா.